நான்கு டிஸ்க்கும் நான்கு பொட்டும்

1. மலையிலிருந்து வந்த போன்

ஐப்பசி மழை விடாமல் பிடித்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கடையைத் திறந்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். போடி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மருந்துக்கடைக்கு மாடியில் ஒற்றை அறை. கம்ப்யூட்டர், சர்வர், பிரிண்டர் சர்வீஸ் என்று வெளியே போர்டு தொங்கும். உள்ளே நான் ஒருத்தன்தான். இருபத்தாறு வருஷமாக ஒருத்தன்தான்.

போன் அடித்தது. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலக்காய் எஸ்டேட்டில் மேனேஜராக இருக்கும் ஜோஸ் சார். நெடுங்கண்டத்துக்காரர். மலையாளத்தையும் தமிழையும் ஒரே தட்டில் பிசைந்து பேசுவார்.

"சாரே, சர்வர் போயி. ஸ்க்ரீன்ல ஒண்ணும் வரல. லேபர் பைல் மொத்தமும் அதுலதான் கிடக்கு. இப்பவே ஜீப்பு பிடிச்சு வா."

"நாலு டிஸ்க்குல எதுன்னு பாத்தீங்களா சார்?"

"எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்? நீயல்லே டாக்டர்!"

அந்த நான்கு டிஸ்க்கும் நான் போட்டவை. பையில் ஸ்க்ரூ டிரைவர், ஒரு காலி டிஸ்க், மாற்றுச் சட்டை எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு கிளம்பினேன். அடிவாரத்து முந்தல் ஊரைத் தாண்டியதும் பனி இறங்கிவிட்டது. டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் ஹாரனை அமுக்கிக்கொண்டே போனார். ஜீப்பில் மிளகாய் மூட்டையும் நானும் மட்டும். வேலையாட்களை ஏற்றிப் போகும் ஜீப்புகள் எல்லாம் விடியும்போதே மேலே போய்விட்டிருந்தன.

ஆபீசின் கடைசியில் கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை. அதற்குள்தான் சர்வர். குனிந்து பார்த்தேன். நான்கு டிஸ்க் ட்ரேயிலும் வரிசையாக நான்கு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். ஆயுத பூஜைக்கு வைத்தது. நன்றாகக் காய்ந்து ஓடு மாதிரி ஒட்டியிருந்தது. ஒவ்வொரு பொட்டும் சரியாக அந்த ட்ரேயின் விளக்கு மேலேயே இருந்தது.

கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொன்றாகச் சுரண்டினேன். முதலாவதும் மூன்றாவதும் மெதுவாக ஆரஞ்சு மின்னின. இரண்டாவதும் நான்காவதும் படபடவென்று மின்னின. இரண்டு டிஸ்க் செத்துவிட்டது.

"பாத்தியா சாரே," என்றார் ஜோஸ் சார், என் தலைக்கு மேலிருந்து. "லைட்டுக்குப் பொட்டு வச்சு மறச்சிருக்கா."

திரும்பிப் பார்த்தேன். கதவோரமாக முருகேஸ்வரி நின்றுகொண்டிருந்தாள். அந்த ஆபீசின் கிளார்க். அவள் வேலை போகப்போகிறது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதைத் தடுக்கக்கூடிய ஒரே ஆள் நான் என்பதும் தெரியும்.

2. ஸ்டிக்கர்தான் வேற

விஷயம் புரிய வேண்டுமென்றால் மூன்று வருஷம் பின்னால் போக வேண்டும்.

அந்த சர்வர் பெரிய கம்பெனி சரக்கு. பெட்டி அவர்களுடையது, உள்ளே போகிற டிஸ்க்கும் அவர்களுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். அதே டிஸ்க்கை வெளியே தயாரிப்பாளரிடமே வாங்கினால் மூன்றில் ஒரு பங்கு விலை. ஆனால் சர்வர் கம்பெனி தன் டிஸ்க்குக்குள் பர்ம்வேர் என்று தன்னுடைய சின்னப் புரோகிராமை எழுதி வைத்திருக்கும். டிஸ்க்கைச் செருகியவுடன் சர்வர் அதைத் தேடிப் பார்க்கும். இல்லையென்றால் வேலை செய்யும், ஆனால் முறைத்துக்கொண்டே வேலை செய்யும். சம்பந்தி வீட்டில் சாப்பிட உட்கார்ந்த மாதிரி.

சர்வருக்கு வாரண்டி முடிந்து, பழைய டிஸ்க்குகள் தேய்ந்துபோன சமயம் ஜோஸ் சார் கேட்டார். "வேற வழி இல்லையா?"

"இருக்கு சார். வெளி டிஸ்க் போட்டுறலாம். ரெண்டும் ஒரே பேக்டரியில செஞ்சதுதான். ஸ்டிக்கர்தான் வேற."

இதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! பெரிய கம்பெனி இன்ஜினியர்கள் மதுரையிலிருந்து வந்து முடியாது என்று சொல்வதை, போடிக்காரன் ஒருத்தன் முடித்துக் காட்டுகிறான். இரண்டே நாளில் நான்கு வெளி டிஸ்க்கையும் மாட்டி, ரெய்டு ஐந்து என்கிற முறையில் சேர்த்து ஓட்டிவிட்டேன். நான்கில் ஒன்று செத்தாலும் மற்ற மூன்றை வைத்து சர்வர் ஓடும். அதற்குள் செத்ததை மாற்றிவிட வேண்டும். இரண்டாவதும் செத்தால் எல்லாம் போச்சு. ரெய்டு ஐந்தின் சங்கதி அவ்வளவுதான்.

வெளியே தனியாக ஒரு காப்பி எடுத்து வைக்கவும் ஒரு பெட்டி கேட்டேன். "நாலு டிஸ்க்கு இருக்கே, பின்னெ எதுக்கு காப்பி?" என்றார் ஜோஸ் சார். நானும் ஒரு தடவை கேட்டதோடு விட்டுவிட்டேன். அதுவும் என் கணக்கில்தான் வரும்.

மாட்டி முடித்ததும் இரண்டு தொல்லை ஆரம்பித்தது. டிஸ்க்கின் சூடு எவ்வளவு என்று சர்வருக்குத் தெரியாததால் பேன்கள் முழு வேகத்தில் சுற்றின. ஆபீசுக்குள் ஏலக்காய் டிரையர் ஓடுகிற மாதிரி சத்தம். இரண்டாவது, நான்கு ட்ரேயிலும் ஆரஞ்சு விளக்கு மெதுவாக மின்னிக்கொண்டே இருந்தது. இவன் நம்ம ஆள் இல்லை, இவன் நம்ம ஆள் இல்லை என்று சர்வர் சொல்லிக்கொண்டே இருப்பதுதான் அந்த விளக்கு.

முருகேஸ்வரி பயந்துபோய்க் கேட்டாள். "அண்ணே, இது மின்னலாமா?"

"மின்னட்டும்மா. அது அப்பிடித்தான் மின்னும். நீ கண்டுக்காத."

மூன்று வருஷம் கழித்து அவள் வேலையைத் தின்றது என்னுடைய அந்த வாய்தான்.

3. திங்கட்கிழமை பத்து மணி

முருகேஸ்வரிக்கு ராசிங்காபுரம். அவளுடைய அம்மா அதே எஸ்டேட்டில் காய் எடுக்கப் போகிறவர். மகள் போடியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். இரண்டு பேரும் விடிகாலையில் ஒரே ஜீப்பில் மேலே போவார்கள். இறங்கியதும் அம்மா காட்டுக்குள், மகள் ஆபீசுக்குள். அந்த நாற்காலி அவர்கள் வீட்டுக்கே பெரிய விஷயம்.

கண்டுகொள்ளாதே என்று நான் சொன்னதை அவள் கேட்கவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் பத்து மணிக்கு போன் செய்வாள்.

"அண்ணே, நாலும் மின்னுது. மெதுவாத்தான் மின்னுது. பேன் சத்தம் போன வாரம் மாதிரியே இருக்கு. வேற ஒண்ணும் இல்லண்ணே, வச்சிறட்டுமா?"

"வச்சிரும்மா."

மூன்று வருஷம், வாரம் தவறாமல் இந்தப் பேச்சுதான். சில சமயம் கூடவே "இங்க ஒரே மழைண்ணே" என்பாள். "அங்க சாப்பிட்டீங்களா?" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். என் மனைவிதான் அதிகம் அனுபவித்தவள். பேத்தியைப் பார்த்துக்கொள்ள கோயம்புத்தூர் போனவள், பேத்தி பள்ளிக்கூடம் போகிற வயசு வந்த பிறகும் அங்கேயே இருந்துவிட்டாள். சண்டை ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை பேசுவோம். பேத்தி போனை வாங்கி "தாத்தா, பை" என்று சொன்னதும் பேச்சு முடிந்துவிடும்.

ஆயுத பூஜைக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு திங்கட்கிழமை. ஒரு லாட்ஜில் பிரிண்டரைப் பிரித்துப் போட்டு, இரண்டு கையிலும் மை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன்.

"அண்ணே, இன்னைக்கு ரெண்டாவது டிஸ்க்குல மட்டும் வேகமா மின்னுதுண்ணே. மத்த மூணும்..."

"ஏம்மா, வேகமா மின்னுனா என்ன, மெதுவா மின்னுனா என்ன? எத்தன தடவ சொல்றது? இனிமே லைட்டு மின்னுதுன்னு எனக்கு போன் பண்ணாத தாயி. எனக்கும் சோலி இருக்குல்ல?"

பேன் சுற்றுவது மட்டும் கேட்டது.

"சரிண்ணே," என்று வைத்துவிட்டாள்.

வேகமாக மின்னினால் டிஸ்க் செத்தது என்று அர்த்தம். அந்த மாடலின் புத்தகத்தில் மூன்றாவது பக்கத்திலேயே இருக்கிறது. அதைப் படித்த ஒரே ஆள் நான். படிக்காமலே கண்டுபிடித்தவள் அவள். அவள் வாயை நான் அடைத்துவிட்டேன். அடுத்த திங்கட்கிழமை போன் வரவில்லை. நிம்மதி என்று நினைத்தேன். அட, முட்டாளே என்று இப்போது என்னையே சொல்லிக்கொள்கிறேன்.

ஆயுத பூஜை வந்தது. டிரையர், தராசு, ஜீப்பு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு சர்வருக்கும் வைத்திருக்கிறாள். ட்ரேயில் சமமான இடம் அந்த விளக்குப் பக்கம் ஒன்றுதான். அர்த்தமில்லாத விளக்கு என்று இன்ஜினியரே சொன்ன பிறகு அதன் மேல் சந்தனம் வைத்தால் என்ன? அடியில் இரண்டாவது டிஸ்க் செத்துக் கிடந்தது. ஐப்பசி மழையில் நான்காவதும் போய்ச் சேர்ந்தது.

4. மூன்று நாள்

செத்த இரண்டில் கடைசியாகச் செத்த டிஸ்க்கை வலுக்கட்டாயமாக எழுப்பி உட்காரவைத்து, அது திரும்பக் கண்ணை மூடுவதற்குள் பைல்களை வெளியே எடுத்துவிட வேண்டும். அதுதான் ஒரே வழி. போர்ஸ் ஆன்லைன் என்போம். பத்துக்கு நான்கு தடவை நடக்கும். நடந்தது. ஆனால் ஒவ்வொரு பைலுக்கும் முக்கி முனகியது. ஒரு போல்டர் காப்பியாக இரண்டு மணி நேரம், அடுத்தது அரை நாள். அவசரப்படுத்தினால் நின்றுவிடும்.

மூன்று பகல் அந்தக் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தேன். வெளியே பனி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு நின்றது. பேன் சத்தத்தில் யார் பேசினாலும் கேட்காது, அதனால் யாரும் பேசவும் வரவில்லை. முப்பத்தொரு சதவீதம், முப்பத்திரண்டு சதவீதம் என்று திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. இந்தத் தொழிலில் இப்படி எத்தனை அறையில் எத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறேன்! அதையெல்லாம் தனிமை என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அந்த மூன்று நாளும் நினைத்தேன். யாருக்காவது போன் போட்டுப் பேசலாம் என்று போனை எடுத்தால், யாருக்குப் போடுவது என்று தெரியவில்லை. கடைசியாக வந்த அழைப்புகளைப் பார்த்தேன். பேங்க், கொரியர், கியாஸ். கீழே தள்ளிக்கொண்டே போனால் முருகேஸ்வரி, முருகேஸ்வரி, முருகேஸ்வரி.

அவள் தினமும் இரண்டு வேளை பால் விடாத கட்டன் டீ கொண்டு வந்து வைத்தாள். பொட்டைப் பற்றியோ போனைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. "எவ்வளவுண்ணே வந்திருக்கு?" என்று மட்டும் கேட்பாள். சதவீதத்தைச் சொல்வேன். தலையாட்டிவிட்டுப் போவாள். நான் சொல்லிர்றேம்மா, நீ பயப்படாத என்று தொண்டை வரைக்கும் வந்தது. ஒரு தடவையா, பத்து தடவையா? டீயோடு சேர்த்து விழுங்கிக்கொண்டேன்.

5. வயரைச் சுருட்டியது

வெள்ளிக்கிழமை மதியம் முடிந்தது. பெரும்பாலும் மீட்டாயிற்று. நாற்பது பேருடைய பழைய சர்வீஸ் பைல் மட்டும் வரவில்லை. என்றைக்கு வேலைக்குச் சேர்ந்தார்கள் என்பதற்கான சான்று அது. பேப்பரை எல்லாம் ஸ்கேன் செய்த பிறகு கரையான் அரிக்கிறதென்று எரித்துவிட்டிருந்தார்கள்.

ஜோஸ் சார் முருகேஸ்வரியைக் கூப்பிட்டார்.

"ஆரு சொல்லி லைட்ட மறச்ச?"

அவள் என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. பிறகு தரையைப் பார்த்தாள்.

"யாரும் சொல்லல சார். பூஜைக்கு வச்சதுதான்."

அவர் என் பக்கம் திரும்பினார். "சாரே, லைட்ட நேரத்தோட பாத்திருந்தா காப்பாத்தியிருக்கலாமா?"

நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சுருட்டிக்கொண்டே சொன்னேன்.

"மொதல்ல ஒரு டிஸ்க்கு போனப்பவே பாத்திருந்தா மாத்தியிருக்கலாம் சார்."

ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. டெக்னிக்கலாகச் சுத்தமான பதில். அவளைக் குழியில் தள்ள அது போதுமானதாக இருந்தது. அவள் பார்த்தாள், எனக்குச் சொன்னாள், நான்தான் சத்தம் போட்டேன் என்பதை நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? பயம்தான். மலையில் பதினோரு எஸ்டேட்டில் என் வெளி டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மேனேஜர் இன்னொரு மேனேஜரிடம் சொன்னால் என் கடையை மூட வேண்டியதுதான். அப்படி நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டேன்.

திங்கட்கிழமையிலிருந்து முருகேஸ்வரியை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். காய் தரம் பிரிக்கிற வேலை. நாற்காலி போயிற்று.

6. ஸ்டோர்

பொங்கல் கழிந்து கம்பெனி டிஸ்க்கே நான்கு வாங்கிவிட்டார்கள். மாட்டுவதற்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள். என் மேல் யாருக்கும் சந்தேகமே இல்லை. அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

ஒவ்வொன்றாகச் செருகினேன். நான்கும் பச்சை. பேன் அடங்கியது. மூன்று வருஷம் கழித்து அந்த அறையில் முதல் தடவையாக அமைதி. ஆபீசில் இருந்த ஒருவர், "அப்பாடா, என்னா நிம்மதி!" என்றார். எனக்கு அந்த அமைதி தாங்கவில்லை. எழுந்து ஸ்டோருக்கு நடந்தேன்.

வாசலில் நின்றாலே ஏலக்காய் வாசனை கண்ணில் எரியும். பதினைந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முருகேஸ்வரி கடைசியில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"என்னண்ணே, டிஸ்க்கு மாட்டிட்டீங்களா? பச்ச எரியுதா?"

அவளுக்கு இன்னும் அந்த விளக்குதான் கவலை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் முடியவில்லை.

"முருகேஸ்வரி, அன்னைக்கு நீ சொன்னது சரிம்மா. வேகமா மின்னுதுன்னு சொன்னேல்ல. நான்தான் கேக்கல. தப்பு முச்சூடும் என்னுதுதான்."

"தெரியும்ணே."

"ஏம்மா, நீயாச்சும் சார்ட்ட சொல்லியிருக்கலாம்ல?"

கையில் ஒட்டியிருந்த தூசியைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "நான் சொன்னா, அவரு ஒங்களக் கேப்பாரு. நீங்க இல்லைன்னுட்டா நான் என்னண்ணே பண்றது? நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன். மூணு நாளும் டீ கொண்டாந்து வைக்கிறப்பல்லாம் நெனச்சேன்."

கோபமே இல்லாமல் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை. நான் நேரே ஜோஸ் சார் அறைக்குப் போய், உட்காராமல் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகத்தின் மூன்றாவது பக்கத்தைச் சொன்னேன். மை ஒட்டிய கையைச் சொன்னேன். இனிமேல் போன் பண்ணாதே என்று சொன்னதையும் சொன்னேன்.

அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"அந்தப் பொண்ணு ஒரு வாக்கு பறஞ்சில்லையே," என்றார். பிறகு கையை நீட்டினார். "ஷெரி. சர்வர் ரூம் சாவியக் கொடுத்துட்டு நீ போ சாரே."

கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

7. இளையவர்களுக்கு

வெளி டிஸ்க் போடாதே என்று நான் சொல்லமாட்டேன். போடலாம். பல இடத்தில் நன்றாகவே ஓடுகிறது. போடுவதற்கு முன் அந்த சர்வர் அதை எப்படி ஏற்றுக்கொள்ளும், எப்படி முறைக்கும் என்று புத்தகத்தைப் படித்துவிடுங்கள். எந்த மின்னல் சும்மா, எந்த மின்னல் சாவு என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதி சர்வர் மேலேயே ஒட்டுங்கள். ரெய்டை காப்பி என்று நம்பாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, கஸ்டமரிடம் "அது அப்படித்தான் இருக்கும், கண்டுக்காதீங்க" என்று சொல்லாதீர்கள். அவர்கள் நம்மை நம்பிக் கண்ணை மூடிக்கொள்வார்கள். மற்ற பத்து எஸ்டேட்டிலும் நானே போய் அந்தச் சீட்டை ஒட்டினேன். ஏன் இப்போது ஒட்டுகிறாய் என்று கேட்டவர்களிடம் காரணத்தையும் சொன்னேன். நான்கு பேர் அத்தோடு என்னை நிறுத்திவிட்டார்கள். ஆறு பேர் இன்னும் கூப்பிடுகிறார்கள். அன்றைக்கு நான் பயந்த பயத்துக்கு இவ்வளவுதான் பெறுமானம்.

போன மாதம் போடி ஜீப் ஸ்டாண்டில் முருகேஸ்வரியின் அம்மாவைப் பார்த்தேன். டீ சொன்னேன். மகள் பழையபடி ஆபீசில் உட்கார்ந்துவிட்டதைச் சந்தோஷமாகச் சொன்னார். காணாமல் போன நாற்பது பைலையும் ஆள் ஆளாக விசாரித்துப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறாளாம். சர்வருக்குத் தேனியிலிருந்து புது இன்ஜினியர் போட்டிருக்கிறார்களாம்.

"திங்கக்கெழமையானா பத்து மணிக்கு அவருக்குப் போன் போட்டுர்றா. பச்ச எரியுது, சத்தம் இல்லன்னு என்னத்தையாவது சொல்லுவா. ஒங்களுக்குத்தான் தெரியுமேண்ணே, அவ இழுத்து இழுத்துப் பேசுவா."

"அவரு என்ன சொல்றாராம்?"

"ஒண்ணும் சொல்றதில்லையாம். இவ பேசி முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கிருவாராம்."